இரத்தம் சொன்ன தேதி

17.3.2024
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் நலம். நலம் என்று நான் எழுதுவது கடித வழக்கத்துக்காக அல்ல. கடந்த வியாழக்கிழமை, அதாவது 14.3.2024 அன்று கைக்கு வந்த பன்னிரண்டாம் மாதத்து இரத்த அறிக்கையை எதிரில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தவள் இன்று எழுபத்தாறு கிலோ. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4-இலிருந்து 5.8-க்கு இறங்கியிருக்கிறது. இரத்தப் புரதங்களில் முதன்மையானதாகச் சொல்லப்படும் ஆல்புமின் 4.0, அது 3.5-க்குக் குறையக் கூடாதாம். உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம் 14-இலிருந்து 1.2-க்கு வந்துவிட்டது. நேற்று மாலை அவள் துணிக்கூடையோடு இரண்டு மாடி ஏறினாள். நடுவில் நிற்கவில்லை. கீழே நின்று படிகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

இவற்றையெல்லாம் வியாழனன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பின் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். உனக்குத் திருமணமான இந்த எட்டு ஆண்டுகளில் நான் உனக்கெனத் தனியாக எழுதும் முதல் கடிதம் இது. காரணங்கள் இரண்டு. உனக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் தொடங்கினால் "அட போங்க மாமா" என்று பேச்சை மாற்றிவிடுவாய். மற்றது, ஒரு தேதியைத் திருத்த வேண்டும். புரதப் பவுடர் டப்பாவில் நேர்ந்த தவற்றை 18.9.2023 அன்று கண்டுபிடித்ததாக உன்னிடமும், என் மகனிடமும், மருத்துவமனையிலும் சொன்னேன். அது உண்மையல்ல. 14.9.2023 அன்றே எனக்குத் தெரியும். இடைப்பட்ட நான்கு நாட்களில் நான் என்ன செய்தேன் என்பது உன் அத்தைக்கு இன்று வரை தெரியாது. இதை எழுதி முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்டுவதாக இருக்கிறேன். மையில் எழுதிவிட்டால் பின்வாங்குவது கடினம் என்பதால் முதலில் எழுதுகிறேன்.

நன்றியிலிருந்து தொடங்குவதே முறை. 22.1.2023, ஞாயிறு. எங்கள் சமையலறை மேடையருகே நின்றுகொண்டு, அத்தைக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி ஒரு நல்ல மருத்துவரைக் கேட்கலாமே என்றாய். அவள் அப்போது நாளொன்றுக்கு முப்பத்தெட்டு யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்ன பதில் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது: "வாயைக் கட்டினா போதும், வயித்தை வெட்ட வேண்டாம். பிஸ்கட் பாக்கெட்ல லேபிள் படிக்கிறவங்களுக்கு வைத்தியத்தைப் பத்தி என்ன தெரியும்?" பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய ஒருத்தியிடம் அப்படிப் பேசினேன். நீ தேநீரை ஆறவிட்டுவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டாய். ஆனால் ஒன்பது நாள் கழித்து, 31.1.2023 அன்று, மருத்துவரின் முகவரியையும் சந்திப்பு நேரத்தையும் உன் அத்தையின் கைபேசிக்கு அனுப்பினாய். அவள் என்னிடம் வந்து, "வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள். முப்பத்தைந்து ஆண்டுக் குடித்தனத்தில் என்னைக் கேட்காமல் அவள் ஒப்புக்கொண்ட முதல் காரியம் அதுதான்.

அறுவை சிகிச்சை 6.3.2023, திங்கள். இரைப்பையைச் சிறு பையாகக் குறுக்கி, உணவு போகும் வழியைக் குடலில் சற்றுத் தள்ளி இணைத்தார்கள். நான்காம் நாள், 10.3.2023 வெள்ளியன்று, இன்சுலினை முற்றாக நிறுத்திவிட்டார்கள். எடை அப்போது இரண்டு கிலோகூட முழுதாகக் குறைந்திருக்கவில்லை. கருவிதான் பழுது என்று சொல்லி வேறொரு கருவி வரவழைத்து, இரண்டிலுமாக மூன்று முறை சர்க்கரையை அளக்கச் சொன்னேன். மூன்று முறையும் ஒரே விடை. குடலின் வழி மாறியதுமே அது உடம்புக்கு அனுப்பும் செய்திகளும் மாறிவிடுகின்றன, எடை குறையும் வரை சர்க்கரை காத்திருப்பதில்லை என்று எனக்கு விளக்கியவள் அந்த இரத்த ஆய்வின் செவிலி.

அந்த ஆய்வில் சேரச் சொன்னதும் நீதான். அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் எந்தப் புரதம் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று குறிப்பிட்ட மாதங்களில் ஊசி குத்திப் பார்ப்பார்கள் என்றார்கள். "குத்துறதுக்கு நாமதான் கிடைச்சோமா?" என்று நான் முறைத்தேன். உன் அத்தை கையெழுத்திட்டாள். செவிலிக்கு அவள் வைத்த பெயர் கொசு. "கொசு வந்தாச்சு, கையை நீட்டுறேன்" என்பாள். செவிலியும் சளைத்தவளல்ல: "நான் கடிச்சா காய்ச்சல் வராதும்மா, ரிப்போர்ட்தான் வரும்."

அந்தக் கொசு ஒருநாள் என்னிடம் சொன்னதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். "கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காது சார். அதுவும் ரத்தத்துல ஆள் அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். லெப்டின்னு ஒண்ணு, 'போதும், நிறுத்து'ன்னு சொல்றது. அம்மாவுக்கு அது கொட்டிக் கிடந்திருக்கு. மூளைதான் காதுல போட்டுக்கலை. இவங்களைத் திட்டி என்ன சார் பிரயோசனம்?" நான் திட்டியதாக அவளிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கலாம். எத்தனையோ ஆண்டுகள் உன் அத்தையின் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடப் பழகியதன் காரணம் எனக்கு எழுபத்தொன்றாம் வயதில்தான் விளங்கியது.

இனி என் தவறு. நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவதும், முத்திரையில்லாதவற்றைப் பறிமுதல் செய்வதும் என் தொழில். மருத்துவமனையில் புரதப் பவுடரை நாளுக்கு இருமுறை, முறைக்கு முப்பது கிராம் கொடுக்கச் சொன்னார்கள். அந்த முப்பதில் இருபத்து நான்கு கிராம் புரதம். சிறு இரைப்பையில் வேறு உணவு அதிகம் கொள்ளாது என்பதால் அவள் உடம்பு அந்தப் பவுடரையே பெரிதும் நம்பியிருந்தது. டப்பாவில் இருந்த பிளாஸ்டிக் கரண்டியை நான் மின்னணுத் தராசில் பத்து முறை சோதித்தேன். கத்தியின் முதுகால் வழித்தால் மிகச் சரியாக முப்பது. அதற்கென ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு டம்ளரையும் நேரத்தோடு பதிந்தேன்.

3.7.2023, திங்கள். வழக்கமான பவுடர் கடையில் இல்லை. கடைக்காரர் அதே நிறத்தில், அதே வெனிலா மணத்தில் வேறொரு டப்பாவைக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். வீட்டில் திறந்தபோது உள்ளே வேறு அளவில் ஒரு கரண்டி கிடந்தது. சோதிக்கப்படாத அளவை என் சமையலறையில் புழங்கக் கூடாது என்று அதைக் குப்பையில் போட்டேன். என்னுடைய சரிபார்த்த கரண்டியால், தராசிலும் வைத்துப் பார்த்து, முப்பது கிராம் அளந்தேன். தீரத் தீர அதையே வாங்கினேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஆனால் அது பொதுவான சத்து பானம். முப்பது கிராமில் எட்டு கிராம்தான் புரதம், மீதி பெரும்பாலும் மாவுப்பொருள். எத்தனை கிராம் என்று பார்த்தேனே தவிர, எதன் கிராம் என்று பார்க்கவில்லை.

ஆகஸ்ட் இறுதியில் அவள் பாதங்கள் வீங்கின. சீப்பில் முடி சுருள் சுருளாக வந்தது. "வயசாகுதுல்ல" என்றாள். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததால் நான் மகிழ்ந்து சிவப்பு மையில் குறித்துக்கொண்டிருந்தேன். தசை கரைந்தாலும் தராசு இறங்கத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. 6.9.2023 அன்று ஆறாம் மாதத்து இரத்தம் எடுத்தார்கள். ஆய்வு அறிக்கை வர வழக்கமாக இரண்டு வாரம் ஆகும். கொசு அதற்குக் காத்திராமல் 11-ஆம் தேதியே தொலைபேசியில் அழைத்துவிட்டாள். ஆல்புமின் 2.9. பதினெட்டுக்குமேல் இருக்க வேண்டிய ப்ரீ-ஆல்புமின் 11. "ஆல்புமின் போன மாசத்துக் கதையைச் சொல்லும் சார். ப்ரீ-ஆல்புமின் அப்படியில்லை, நாலு நாளைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு சொல்லிடும். ரெண்டுமே விழுந்திருக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றாள். அவள் அன்று அழைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

12.9.2023, செவ்வாய். அறுவை மருத்துவர், சி.ஆர்.பி. குறைவாக இருப்பதால் இது தொற்றல்ல என்றார். ஒன்று, புரதம் உள்ளே போகவில்லை. அல்லது, போவதைக் குடல் ஏற்கவில்லை. இரண்டாவதானால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் மீண்டும் திறந்து இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும் என்று 19-ஆம் தேதியைக் குறித்தார். உணவு ஆலோசகரோ முதலாவதைத்தான் நம்பினார். "பவுடரை வாஷ்பேசின்ல ஊத்துறீங்களாம்மா? நிறைய பேர் செய்வாங்க. உண்மையைச் சொல்லுங்க." உன் அத்தை, "இவர் எதிர்ல நின்னு டம்ளர் காலியாகுற வரைக்கும் பார்ப்பாரு. எனக்கு எங்க வாஷ்பேசின்?" என்றாள். நான் குறிப்பேட்டை எடுத்து மேசைமேல் தட்டினேன். அளவில் பிழையே இருக்க முடியாது என்று உறுதியும் அளித்தேன். அளவில் பிழையில்லை என்றால், பிழை யார்மேல் விழும்? அதை அவள் உடனே புரிந்துகொண்டாள். திரும்பி வரும் காரில் நானும் அதையே கேட்டேன்: "நிஜமா குடிச்சியா?" அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

14.9.2023, வியாழன், பகல் 12.20. உன் உணவு இடைவேளையில் என்னை அழைத்தாய். "மாமா, கோவிச்சுக்காதீங்க. பவுடர் டப்பாவோட பின்பக்கத்தைக் கொஞ்சம் படிங்க. நூறு கிராமுக்கு எவ்ளோ புரோட்டீன்னு போட்டிருக்கும்" என்றாய். மருத்துவர் கேட்கவில்லை, உணவு ஆலோசகர் கேட்கவில்லை, நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. நீ ஒருத்திதான் கேட்டாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திருப்பினேன். 26.7 என்று இருந்தது. உன்னிடம், "எண்பது" என்றேன். பழைய டப்பாவின் எண் அது; மனப்பாடமாக இருந்தது. "சரி மாமா, அப்போ அதுல ஒண்ணுமில்லை" என்று நம்பி வைத்துவிட்டாய்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே விசாரித்தேன். மேசைமேல் நான் தட்டிய அந்தக் குறிப்பேட்டைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

அன்று மாலையே நான்கு கடை ஏறி இறங்கிப் பழைய பவுடரை வாங்கினேன். புதிய டப்பாவில் இருந்ததைக் குப்பைக்கு அனுப்பினேன். பழைய பவுடரை அதற்குள் கொட்டினேன். வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறொன்று. அதற்காக எத்தனை கடைக்காரர்கள்மேல் வழக்கு எழுதியிருக்கிறேன்! மாலை 5.30 மணி டம்ளரிலிருந்து அவளுக்குச் சரியான புரதம் போயிற்று. 3.7.2023 முதல் அன்று காலை வரை எழுபத்து மூன்றரை நாட்கள், நூற்று நாற்பத்தேழு டம்ளர்கள், தவறாகப் போயிருந்தன. சரிசெய்துவிட்டோம், இனி இரத்தம் தானாகத் தேறும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று எண்ணினேன். 19-ஆம் தேதி அவள் வயிற்றுக்குள் குழாய் விடப்போகிறார்கள் என்பதைப் பற்றி எண்ணாமலிருக்க முயன்றேன்.

16.9.2023, சனி, காலை 10.05. என் மகன் அழைத்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி ஸ்பீக்கரில் போட்டிருந்தது. "ஏம்மா இப்படிப் பண்றே? அப்பா மில்லிகிராம் கணக்கா அளந்து தர்றாரு. நீ அதைக் கீழ ஊத்திட்டு எல்லாரையும் ஏமாத்துறியா? மறுபடி வயித்தைத் திறந்தா யாரு உன்னைப் பார்த்துக்கிறது?" என்று கத்தினான். அம்மாமேல் உள்ள பயத்தில் கத்தினான். அவனைக் குறை சொல்லவில்லை. அவள், "நான் குடிக்கிறேன்டா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளுக்காக வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். ஓட்டைத் துளி மிச்சமின்றி உரித்து முடித்தேன். வாய் திறக்கவில்லை.

18.9.2023, திங்கள். மறுநாள் சோதனைக்காகக் காலை 8.30-க்குக் கொசு வந்து இரத்தம் எடுத்துப் போனாள். மாலையில் உன் அத்தை மருத்துவமனைக்குப் பை கட்டினாள். இரண்டு புடவை, துண்டு, சீப்பு. பிறகு அலமாரியிலிருந்து என் குறிப்பேட்டை எடுத்து மேலே வைத்தாள். "டாக்டர் நம்பலைன்னா இதைக் காட்டுங்க. நான் குடிச்சதுக்கு இதை விட்டா வேற சாட்சி ஏது?" என்றாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. 6.40-க்கு மருத்துவரை அழைத்து டப்பா மாறியதைச் சொன்னேன். அவர், "நல்ல வேளை. குழாயெல்லாம் வேண்டாம், டப்பாவை மட்டும் எடுத்துட்டு வாங்க. எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார். "இப்போதுதான்" என்றேன். கோப்பில் அப்படியே ஏறியது. நான் சொன்ன எண்பது ஞாபகப் பிசகு என்று நீயும் விட்டுவிட்டாய்.

அதன்பின் நடந்தது எனக்குத் தண்டனையாக வந்திருக்க வேண்டும், பாராட்டாக வந்தது. உணவு ஆலோசகர் உன் அத்தையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். என் மகன், "அப்பா மாதிரி ஒத்துக்க யாருக்கு மனசு வரும்?" என்றான். உன் அத்தை, "சும்மாவா? கவர்மெண்ட் முத்திரை குத்தின நேர்மையாச்சே" என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன். பாத வீக்கம் மூன்றே வாரத்தில் வடிந்தது. டிசம்பர் இரத்தத்தில் எல்லா எண்களும் ஏறின. நான் அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் கடந்த வியாழக்கிழமை, அறிக்கை வாங்கப் போனபோது, கொசு தன் கணினியில் ஓராண்டு வரைபடத்தைக் காட்டினாள். உன் அத்தை உடை மாற்றும் அறையில் இருந்தாள். ப்ரீ-ஆல்புமின் கோடு விழுந்து, எழுந்து, இறுதியில் 23-இல் நின்றது. அதில் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டினாள். "இது மட்டும் இடிக்குது சார். செப்டம்பர் ஆறாம் தேதி 11. பதினெட்டு காலையில 14. நீங்க பவுடரை மாத்தினது பதினெட்டு சாயங்காலம். மாத்துறதுக்கு முன்னாடியே எப்படி ஏறும்? லேப் தப்புதான். இந்தப் புள்ளியை எடுத்துடப் போறோம்."

அம்மா, சரியாகக் காட்டும் தராசைப் பழுதென்று ஒதுக்கியவர்களை என் பணிக்காலம் முழுவதும் நான் மன்னித்ததில்லை. இங்கே ஓர் இரத்தத் துளி நடந்ததை உள்ளபடி சொல்லியிருக்கிறது. என் வாய் சொன்ன பொய்யோடு ஒத்துவரவில்லை என்பதற்காக அதைப் பொய்யென்று அடிக்கப் போகிறார்கள். அன்று நான் ஒன்றும் பேசாமல் வீடு வந்தேன். மறுநாள், 15.3.2024 வெள்ளி, காலை 10.15-க்குத் தனியாகப் பேருந்தில் போய்க் கொசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ மெஷின் சரி" என்றாள். "மெஷின் சரி" என்றேன். கோப்பில் தேதியைத் திருத்தி, என்னிடம் கையெழுத்து வாங்கினாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். இல்லை என்றேன். "வரிசை தப்பு சார். அங்க சொல்லிட்டுத்தான் இங்க வந்திருக்கணும்" என்றாள். என் மகளாக இருக்கும் வயது அவளுக்கு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது மணி 11.25. உன் அத்தை கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.


18.3.2024
திங்கட்கிழமை, மாலை 4.30

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். படித்து முடிக்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. ஒரே ஓர் இடத்தில்தான் அவள் என்னை நிறுத்தினாள். முட்டை உரித்த இடத்தில். "அன்னிக்கு நீங்க காதுல வாங்கலைன்னு நினைச்சேன்" என்றாள். "வாங்கினேன்" என்றேன். மேலே படிக்கச் சொன்னாள்.

முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். தெருக்கோடி வரை போய்த் திரும்பும் அவளது நடை வழக்கமாகப் பதினைந்து நிமிடம். நேற்று ஒரு மணி பத்து நிமிடம். சன்னலில் நின்று பார்த்தேன். நான்கு முறை எங்கள் வாசலைக் கடந்து போனாள், உள்ளே வரவில்லை. வந்தபின் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த வியாழக்கிழமை சாயங்காலமே ருசி மாறிச்சு. டப்பா அதேதானே, நீங்கதானே கலக்கினீங்கன்னு குடிச்சேன்." பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போகட்டும். கை அன்னிக்கே திருந்திடுச்சு. வாய்க்குத்தான் ஆறு மாசம்" என்றாள். ஆறு மாதம் மூன்று நாள் என்று திருத்தினேன். சிரித்துவிட்டாள். ஆனால் அதன்பின் இரவு உணவு வரை என்னோடு பேசவில்லை, அதுவும் நியாயமே.

இன்று காலை அவளே டப்பாவை எடுத்து, பின்பக்கத்தை எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்து, தன் கையால் கலக்கிக் குடித்தாள். கத்தியால் வழிக்கவில்லை. குத்துமதிப்பாக ஒரு கரண்டி. நான் எதிரில் நிற்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். குறிப்பேட்டை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். அதில் இன்று எதுவும் எழுதப்படவில்லை.

உனக்கு நான் பட்ட நன்றிக்கடன் எவ்வளவு என்பதை எந்தத் தராசிலும் நிறுத்துக் காட்ட என்னால் இயலாது. ஆறவிட்ட தேநீரோடு வாசலைத் தாண்டிய பிறகும் நீ எங்களை விட்டுவிடவில்லை. என் கோபத்துக்கு எல்லோரும் ஒதுங்கிப் போன வீட்டில், கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டாவது நீ கேட்டாய். உன்னிடம் நான் சொன்ன "எண்பது" என்ற ஒரு சொல்லுக்காக என்னை மன்னித்துவிடு.

இனி ஒரு வேண்டுகோள். இதைத் தன் மகனிடம் சொல்ல வேண்டாம் என்று உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள் உன் அத்தை. "அவன் உங்களைத் தலைமேல தூக்கி வெச்சிருக்கான், இறக்க வேண்டாம்" என்கிறாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். ஆனால் இந்த ஒன்றில் அவள் பேச்சை மீறுகிறேன். கடிதத்தை அவன் கையில் கொடு. முழுதும் படிக்கட்டும். அவன் 16.9.2023 அன்று தன் தாயைத் திட்டினான். திட்டக் காரணமாக இருந்த நான் எதிரிலேயே இருந்தேன். அந்தத் திட்டு இன்னும் அவள்மேல்தான் கிடக்கிறது. திரும்பப் பெற வேண்டியவன் அவன். அவன் அறியாமல் அது நடக்காது.

படித்து முடித்தபின் அவன் அழைக்கட்டும். என்னை அல்ல; அவளை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அவள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் போடச் சொல்ல மாட்டேன். அவன் என்ன சொன்னான் என்று அவளிடம் கேட்கவும் மாட்டேன். அவர்கள் பேசி முடிக்கும் வரை நான் தெருவில் நடந்துகொண்டிருப்பேன். மழை பெய்தாலும் குடையோடு.

நோயும் மனக்குறையும் அண்டாமல், கேட்க நினைத்ததைக் கேட்கும் துணிவோடு, நீயும் உன்னவனும் நீடூழி வாழ வாழ்த்தும்,

உன் மாமா